ஒப்பு நோக்கியவள்

போன மாதம் செய்தித்தாளில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். வாயிலும் தொண்டையிலும் வருகிற புற்றுநோயை, ஆளை ஒரு பைக்குள் மூச்சு விடச் சொல்லி, அந்த மூச்சை ஒரு மெஷினில் கொடுத்துப் பார்த்து, ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிறார்களாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், ஊதினால் போதும். என் வீட்டுக்காரர் காப்பி குடித்துக்கொண்டே அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "மனுசன் எங்கன எல்லாம் போயிட்டான் பாரு" என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

அந்த மெஷின் செய்யப்போகிற வேலையைத் தொண்ணூறுகளில் நான் செய்திருக்கிறேன். ஒரே ஒருவருக்குத்தான். சரியாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் நன்றாகவே பிழைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தின் நகல் பிரிவில் தட்டச்சர். பழைய பத்திரம், தீர்ப்பு, வரைபடக் குறிப்பு என்று யார் மனுப் போட்டாலும் அசலைப் பார்த்து அடித்துக் கொடுக்க வேண்டும். அடித்தால் மட்டும் போதாது. ஒப்பு நோக்க வேண்டும். அதாவது ஒருவர் அசலைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் நகலில் பென்சில் வைத்துக்கொண்டே போவார். காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். கடைசியில் வாசித்தவர், ஒப்பு நோக்கியவர் என்று இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரை.

வாசிப்பவர் அண்ணாச்சி. பிரிவில் மூத்தவர், ஐம்பதை நெருங்கியவர். தச்சநல்லூரில் வீடு. அவருடைய தாத்தா காலத்தில் தாமிரபரணிக் கரையில் வயல் வயலாக இருந்ததாம். அண்ணாச்சிக்கு அதில் மிஞ்சியது நெற்றி நிறைய விபூதியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும்தான். குரல் நல்ல குரல். வாய்க்கால் எல்லைத் தகராற்றைக்கூடத் தேவாரம் மாதிரி வாசிப்பார். வெற்றிலை, பாக்கு, ஒரு கிள்ளு புகையிலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் எங்கேயும் துப்ப மாட்டார். மேசைக்கு அடியில் மூடி போட்ட பித்தளைச் செம்பு ஒன்று வைத்திருப்பார், சாயங்காலம் தானே கொண்டுபோய்க் கழுவுவார். அவ்வளவு சுத்தம், அவ்வளவு கூச்சம். ஒருமுறை டீக்கடையில் யாரோ, "அண்ணாச்சி, சட்டையில கறை" என்று சொன்னதற்காக அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்தினவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் வைத்திருந்தோம், அதனால்தான் இவ்வளவும்.

ஒப்பு நோக்கும்போது அவரும் நானும் ஒரே மேசையில் ஒரே பக்கம் உட்கார வேண்டும். பழைய தாள், மங்கின மை. சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் ஒரே எழுத்தைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அதனால் எதிரெதிரே உட்கார முடியாது. வாசிக்கிறவரை இடையில் பேசி நிறுத்தக் கூடாது என்பது அண்ணாச்சி வைத்த சட்டம். பிழை இருந்தால் நான் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவேன். அவர் நிறுத்துவார். பக்கம் முடிந்து எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு தட்டு. அடுத்த பக்கம் திருப்புவார். இப்படியே நான்கு வருடம் ஓடியது. என் கண்ணுக்குத் தப்பின பிழை கிடையாது என்று பிரிவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

எனக்கு மூக்கும் நல்ல மூக்கு. சொந்த ஊர் ஏரல் பக்கம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலை போட்ட வாய்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். வெறும் வெற்றிலை வாய்க்கு ஒரு வாடை, புகையிலை போட்ட வாய்க்கு ஒரு வாடை, சொத்தைப் பல்லுக்கு ஒரு வாடை, வயிறு சரியில்லாதவருக்கு வேறு வாடை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள்கிழமை காலை பஸ்ஸில் திரும்பும்போது அண்ணாச்சிக்கு ஒரு கவுளி இளம் வெற்றிலை கொண்டு வருவேன். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன். அவருக்கு வெற்றிலை கொடுத்த கையும் இந்தக் கைதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தோம். ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது புகையிலைக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் இன்னொரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த எந்த வாயின் வாடையும் அது இல்லை. கொடிக்காலில் கொடி படர அகத்தி நட்டிருப்பார்கள். அது ஒடிந்து, பாத்திகளுக்கு நடுவில் வெட்டியிருக்கும் கிடங்குத் தண்ணீரில் விழுந்து, அள்ளிப் போட ஆள் இல்லாமல் ஊறிக் கிடந்தால் ஒரு நாற்றம் வருமே, அதுதான். பென்சில் ஒரு வரி தவறிவிட்டது. அவர் நிறுத்தி, "என்ன தங்கச்சி, பிழையா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, தூக்கம்" என்றேன்.

ஒரு நாள் வந்து போகும் என்று நினைத்தேன். போகவில்லை. காலையில் பல் விளக்கி, பூசை முடித்து, வெற்றிலை போடுவதற்கு முன்னால் வந்து உட்காரும்போதும் இருந்தது. என் பக்கத்து மேசைத் தட்டச்சர் மேலப்பாளையத்துக்காரி, என் வயதுதான், என்னோடு ஒரே டிபன் பாத்திரத்தில் சாப்பிடுகிறவள். நான் லீவு போட்ட ஒரு நாள் அவள் ஒப்பு நோக்க உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் நான் வந்ததும் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, நீ எப்படி தெனமும் அங்கன இருக்க?"

"உனக்கும் தெரிஞ்சுதா?"

"தெரியாம? எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துட்டு. நோம்பு வச்சிருந்தா முறிஞ்சிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பிறகு, யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. ஆண்கள் சொல்லலாம். ஆனால் ஆண்கள் யாரும் அவ்வளவு பக்கத்தில் உட்காருவதில்லை. "நீயே சொல்லேன்" என்று நான் அவளிடம் சொன்னேன்.

"நல்லாச் சொன்ன. ஒரு ஆம்பள வாய் நாத்தம் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா? எவ்வளவு பக்கத்துல போனன்னு கேட்டா? எங்க வீட்டுல கேள்விப்பட்டா வேலைய விட்டுட்டு வீட்டுல கெடன்னுருவாக. உன் கதையும் அதான். உனக்கு மாப்பிள பாக்காங்கல்லா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரே மேசையில் நான்கு வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம், சம்பளம் வாங்கலாம், அதில் தப்பில்லை. அவர் மூச்சு என் மூக்கில் பட்டது என்று சொன்னால்தான் தப்பு. இந்த ஊர் மரியாதை இப்படிப்பட்டது. அதை நான் இன்றைக்கு வாய் கிழியத் திட்டுவேன். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆக, நாசூக்காகச் சொல்வது என்று முடிவு செய்தோம். நாசூக்கு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சின்னத் தகர டப்பா வாங்கி அதில் கிராம்பு நிரப்பினேன். மூடியில் நீலப் பூப் போட்ட டப்பா. திங்கள்கிழமை வெற்றிலையோடு சேர்த்து அவர் மேசையில் வைத்தேன்.

"இது என்ன தங்கச்சி?"

"கிராம்பு, அண்ணாச்சி. தொண்டைக்கு நல்லதுல்லா. மழைக் காலம் வேற."

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலப்பாளையத்துக்காரி அந்த நேரம் பார்த்து ரிப்பன் மாற்றுவதில் மும்முரமாக இருந்தாள். அண்ணாச்சியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார். புரிந்துகொண்டார் என்று எனக்குப் புரிந்தது. யார் மனமும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி விடுதியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் என்ன புரிந்துகொண்டார்? தன் வாய் நாறுகிறது, ஒரு பெண்பிள்ளை அதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டார். உடம்பில் ஏதோ நடக்கிறது என்று அல்ல. கூச்சப்பட்ட மனிதன் என்ன செய்வான்? மறைப்பான். அன்றையிலிருந்து கிராம்பு வாயை விட்டு இறங்கவில்லை. மடித்த துண்டு ஒன்று கையில் வந்தது. வாசிக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நாளில் நாற்காலியை மேசையின் எதிர்ப் பக்கம் போட்டுக்கொண்டார். அவரே வைத்த முறையை அவரே மாற்றினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இடம் கொடுத்தவள் நான்.

தை மாதம், பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம், கடைசித் தாள்கட்டை முடித்திருந்தோம். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தங்கச்சி, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"கிராம்பு போட்ட பொறவு எப்படி இருக்கு? இப்பம் பரவாயில்லையா? எனக்கு என் வாய் தெரிய மாட்டேங்குது. வீட்டுல கேட்டா அவளுக்குச் சளி, ஒண்ணும் தெரியலங்கா. உன் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒண்ணும் தப்பாது. நீ சரின்னா சரி."

ஒரு மனிதன் தன் கூச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, வெட்கம் கெட்டுப்போய், இருபது வயது இளையவளிடம் வந்து கேட்கிறான். இதைவிட என்ன வாசல் திறக்க வேண்டும்? கிராம்புக்கு அடியில் அந்த அகத்தி நாற்றம் அப்படியே இருந்தது. எதிர்ப் பக்கம் உட்கார்ந்தும் தெரிந்தது. முன்னைவிட அதிகம். எனக்கு நாக்கு எழவில்லை. பொய்யைச் சொல்லவும் எழவில்லை, உண்மையைச் சொல்லவும் எழவில்லை. கையில் பென்சில் இருந்தது. மேசையில் இரண்டு தட்டு தட்டினேன்.

அண்ணாச்சி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. "அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பித்தளைச் செம்பைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது. மதியச் சாப்பாட்டில் குழம்பு போய்த் தயிர்சாதம் வந்தது. காரம் பட்டால் எரிகிறது என்றார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். குளிர்காற்று என்றார். வாசிப்பில் குரல் தடித்தது, வார்த்தை முன்னைப்போல உருண்டு வரவில்லை, நாக்குக்கு இடம் போதாதவர் மாதிரி வாசித்தார். சில வரிகளை விட்டுவிட்டார். நான் ஒரு தட்டு தட்டுவேன், திரும்ப வாசிப்பார். அந்தப் பிழைகளையெல்லாம் நான் பிடித்தேன். பங்குனியில் பல்வலி என்று போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சித்திரை முடிந்தும் அந்தப் புண் ஆறவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் உடம்புச் சூடு. நாங்களும் இளநீர் குடியுங்கள் என்றோம்.

ஆனியில் சாரல் காற்று வீசத் தொடங்கியபோது கழுத்தில் ஒரு கட்டி, சட்டைக் காலருக்கு மேலே தெரிந்தது. அதற்கு மட்டும் கிராம்பு வேலை செய்யவில்லை. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். எல்லோரும் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாக்கின் அடியில் ஆரம்பித்ததாம். பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குரல்தான். அந்தக் குரல் இனி வராது.

பல வருடம் கழித்து, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வாய் நாற்றத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு, பெரும்பாலும் ஈறும் பல்லும்தான், மூக்கை நம்பி நோய் சொல்ல முடியாது, நீங்கள் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னது ஆயிரம் பேருக்குச் சரி. அண்ணாச்சிக்குச் சரியில்லை. நான் நோய் சொல்லியிருக்க வேண்டாமே, நாறுகிறது என்று சொல்லியிருந்தால் போதுமே. அண்ணாச்சிக்குப் பிறகு நான் யார் வாய் நாறினாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன், ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. கல்யாண வீடுகளில் நான் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறவர்கள் உண்டு. வாய்த்துடுக்கு பிடித்தவள் என்று பெயர். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, எல்லாம் பல்லும் ஈறும்தான். அந்த வாடையை நான் மறுபடி சந்திக்கவே இல்லை. ஒருமுறை வந்தது, அந்த ஒருமுறை விட்டுவிட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போய்ப் பார்த்தேன். மேலப்பாளையத்துக்காரி வரவில்லை என்றுவிட்டாள். தச்சநல்லூர் வீட்டில் முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். இரும்புக் கட்டில். கழுத்திலும் தாடையிலும் கட்டு, மூக்கில் குழாய். விபூதி மட்டும் பூசிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அண்ணாச்சி மனைவியை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். "ஆபீஸ்ல டைப்பிஸ்ட், மைனி" என்று சொன்னேன். பிரிவில் மூன்று பெண் தட்டச்சர்கள் இருந்தோம். மைனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள்.

அண்ணாச்சியின் தலைமாட்டில் மருந்துகளுக்கு நடுவில் அந்த டப்பா இருந்தது. நீலப் பூப் போட்ட மூடி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மைனி எடுத்துக் காட்டினார்கள்.

"ஆபீஸ்ல ஒரு பிள்ள குடுத்துதாம். ஆப்பரேசன் வரைக்கும் இத விடல பாத்துக்கிடுங்க. ராத்திரி தலமாட்டுலயே வச்சிருப்பாவ. இதப் போட்டுப் போட்டுத்தான் எங்களுக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு."

நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

"தைப்பூசத்துக்கு மறுநா ஒரு டாக்டரப் பாக்கலாம்னு சொல்லி வச்சிருந்தோம். இவுகளே சொல்லித்தான். திடீர்னு ஒருநா சாயங்காலம் வந்து, வேண்டாம்ட்டி, ஆபீஸ்ல பிழை பாக்குத பிள்ளைட்ட கேட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டு, அது சொன்னாச் சரியா இருக்கும்னாவ. அன்னைக்கி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாவ." அவர்கள் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்கள். "திட்டுததுக்குக் கேக்கல. அது யாருன்னு பாக்கணும்னு இருக்கு. அந்தப் பிள்ள நீங்களா?"

கட்டிலில் அவர் கண் திறந்திருந்தது. நான் டப்பாவைப் பார்த்துச் சொன்னேன்:

"இல்ல மைனி. அது வேற பிள்ள. மாத்தலாகிப் போயிட்டா."

இந்தத் தடவை நாக்கு எழுந்தது. தடுமாறாமல், சுத்தமாக, வாசிப்பதுபோல வந்தது. அவருக்கு இல்லாத நாக்கு எனக்கு இருந்தது, அதை இதற்குப் பயன்படுத்தினேன்.

அப்போது கட்டிலின் இரும்புச் சட்டத்தில் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் கை மெதுவாக எழுந்து, ஆள்காட்டி விரலின் மோதிரம் சட்டத்தில் பட்டது. ஒரு தட்டு. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

இன்னொரு தட்டும் தட்டினார்.

"தண்ணி கேக்காவ" என்று சொல்லிக்கொண்டு மைனி எழுந்து உள்ளே போனார்கள்.